தோப்புக்கு வாங்கிய வயர்லெஸ் பிரிட்ஜ்: 'கிளையன்ட்' முறையில் விட்டுவைத்தால் பாதி வேலைதான் நடக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு இடங்களைக் கம்பியில்லாமல் ஒரே நெட்வொர்க்காக இணைக்கிற இந்தப் பெட்டி நல்ல பெட்டி. ஜோடி ஐயாயிரத்துக்குள் கிடைக்கிறது, மழை வெயில் தாங்குகிறது, நானூறு மீட்டர் தள்ளியிருக்கும் கேமராவின் படம் வீட்டு டிவியில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் அட்டையில் 'லேன் கேபிளுக்குப் பதில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, கடையிலிருந்து வந்த நிலையில் அது உண்மை இல்லை. உள்ளே ஒரு செட்டிங்கை இரண்டு பக்கமும் மாற்றினால்தான் உண்மையாகிறது. அந்த செட்டிங்கைப் பற்றி விற்பவருக்கும் தெரியவில்லை, மாட்ட வந்தவருக்கும் தெரியவில்லை. அதனால் இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான் இருக்கும். ஆன்டெனா எத்தனை டிபி, ரேஞ்ச் எத்தனை கிலோமீட்டர் என்ற கதையெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிப் பெயர் எழுதவில்லை. ஒரே மெனுவோடு, ஒரே வெள்ளை டப்பாவில், ஸ்டிக்கரை மட்டும் மாற்றி நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள், அதில் எதை வாங்கினாலும் நான் சொல்லப்போவது பொருந்தும். 5 கிகாஹெர்ட்ஸ், 802.11என் (வைஃபை தரத்தின் ஒரு பதிப்பு), இரண்டு ஸ்ட்ரீம், காகிதத்தில் 300 மெகாபிட், கீழே ஒரே ஒரு 100 மெகாபிட் போர்ட், 24 வோல்ட் பாசிவ் பி.ஓ.ஈ. (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் கொடுக்கும் முறை). இந்த வர்ணனை பொருந்தினால் அதே சாமான்தான்.

இடம் மதுரைக்கு அருகே சோழவந்தான் பக்கம். மாமாவுக்கு ஒரு தென்னந்தோப்பு, அதை ஒட்டி வெற்றிலைக் கொடிக்கால். வீட்டிலிருந்து மோட்டார் ரூம் நேர்க்கோட்டில் நானூறு மீட்டர் இருக்கும், நடுவே பாசன வாய்க்கால் ஒன்று ஓடுகிறது, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் வேறொருவர் வயல். தேங்காய் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மோட்டார் கேபிளை செம்புக்காக அறுத்துக்கொண்டு போவதுதான் தாங்க முடியவில்லை என்று நாலு ஐபி கேமரா வைக்கச் சொன்னார். செம்புக் கேபிளில் ஈத்தர்நெட் 100 மீட்டர்தான் போகும். ஃபைபர் இழுத்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது, ஏனென்றால் ஃபைபர் மீடியா கன்வர்ட்டரில் மின்சாரம் வெளிச்சமாக மாறுமே தவிர ஃபிரேம் (தரவைக் கட்டி அனுப்பும் பொட்டலம்) அப்படியே போகும். ஆனால் வயல்காரரிடம் கேட்டு, வாய்க்காலுக்குக் குறுக்கே இழுத்து, நாளைக்கு உழும்போது அறுந்தால் யார் பொறுப்பு என்று பஞ்சாயத்து வைத்து... வேண்டாம் சாமி. வயர்லெஸ்தான் என்று முடிவானது.

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் வாங்கியது. "ஒண்ணும் பண்ண வேணாம்ணே, ரெண்டையும் எதிரெதிரா மாட்டிவிட்டா அதுவே புடிச்சுக்கும்" என்றார் கடைத் தம்பி. பிடித்துக்கொண்டதும் உண்மை. மாட்ட வந்தவர் வீட்டுப் பக்கத்துப் பெட்டியை ஆக்சஸ் பாயின்டாகவும் (இணைப்புக் கொடுப்பது) மோட்டார் ரூம் பெட்டியை கிளையன்டாகவும் (அதில் போய் இணைவது) வைத்தார், பச்சை விளக்கு எரிந்தது, சிக்னல் அழகாக இருந்தது. அதற்கு அப்புறம்தான் வேடிக்கை. நாலு கேமராவில் ஒன்றுக்கும் ரூட்டரிடமிருந்து ஐபி (நெட்வொர்க் முகவரி எண்) வரவில்லை. அவர் சலிக்காமல் நாலுக்கும் கையால் ஐபி போட்டார், இப்போது பிங் (எதிர்ப்பக்கம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடியது. என்.வி.ஆரில் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் கருவி) 'தேடு' என்று அழுத்தினால் கேமராக்கள் ஒருமுறை வந்தன, அடுத்தமுறை வரவில்லை, வந்தபோதும் நாலுக்கும் ஒரே மேக் அட்ரஸ் (ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய வன்பொருள் முகவரி). தோப்பில் கரண்ட் போய் வந்தால் லிங்க் உடனே வந்துவிடும், கேமராக்கள் மட்டும் கொஞ்ச நேரம் கறுப்பாகவே நிற்கும். "கேமரா மட்டமான சரக்கு சார், மாத்திருங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

கேமராக்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் பிழைப்புக்கு நெட்வொர்க் பார்க்கிறவன், நாலு கேமராவுக்கு ஒரே மேக் அட்ரஸ் என்று பார்த்தவுடனே கை நேராக கிளையன்ட் பெட்டியின் மெனுவுக்குப் போய்விட்டது.

விஷயம் இதுதான். கம்பியில் ஓடும் ஈத்தர்நெட் ஃபிரேமும் காற்றில் ஓடும் வைஃபை ஃபிரேமும் ஒன்றல்ல. வேகம் வேறு, பிட்டுகளை எழுதும் முறை வேறு என்பது பலருக்கும் தெரிந்ததுதான். 100 மெகாபிட் கம்பியில் நாலு பிட்டை ஐந்தாக மாற்றி மூன்று மின்னழுத்த நிலைகளில் அனுப்புகிறார்கள், 802.11என் வைஃபையில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 108 தரவு அலைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஆறு ஆறு பிட்டாக ஏற்றுகிறார்கள். அது அந்தந்தச் சிப்பின் பாடு, நமக்குக் கவலையில்லை. கவலை அதற்கு மேலே இருக்கிற ஃபிரேம் அமைப்பில்தான், அங்கேதான் இரண்டும் ஒத்துப்போகாமல் இந்தப் பெட்டி நடுவே உட்கார்ந்து மொழிபெயர்க்கிறது.

ஈத்தர்நெட் ஃபிரேமின் ஹெட்டர் (முகவரி எழுதும் முன்பகுதி) எளிமையானது. யாருக்கு என்று ஆறு பைட், யாரிடமிருந்து என்று ஆறு பைட், உள்ளே இருப்பது ஐபியா ஏ.ஆர்.பி.யா (ஒரு ஐபிக்கு உரிய மேக் அட்ரஸைக் கேட்கும் செய்தி) என்று சொல்ல இரண்டு பைட், அவ்வளவுதான், மொத்தம் 14. அப்புறம் 46 முதல் 1500 பைட் வரை சரக்கு, கடைசியில் சரிபார்க்க நாலு பைட். வைஃபையில் ஹெட்டரே 24 பைட்டில் தொடங்குகிறது, அதில் மூன்று முகவரிகள் இருக்கும், சேவைத் தரக் களம் சேர்ந்தால் 26. இதில் ஒரு வினோதம், உள்ளே என்ன சரக்கு என்று சொல்லும் அந்த இரண்டு பைட் வகை எண்ணுக்கு வைஃபை ஹெட்டரில் இடமே கிடையாது. 1997இல் 802.11 வந்தபோது 802.2 எல்.எல்.சி. என்ற பொதுத் தரத்தின் முறையைப் பின்பற்றினார்கள், அதனால் சரக்குக்கு முன்னால் எட்டு பைட்டில் ஒரு சிறு சீட்டு வைக்க வேண்டும்: ஏஏ-ஏஏ-03, பிறகு மூன்று சுழியம், பிறகு அந்த வகை எண். இதை எப்படி வைப்பது என்று 1988இலேயே ஆர்.எஃப்.சி. 1042 என்ற இணைய ஆவணத்தில் எழுதிவிட்டார்கள். ஆப்பிள்டாக், ஐ.பி.எக்ஸ். போன்ற சில பழைய நெட்வொர்க் முறைகளுக்கு மட்டும் 802.1எச் சொல்லும் வேறொரு முத்திரை, மூன்று சுழியத்துக்குப் பதில் 00-00-எஃப்8. இன்றைக்குத் தோப்பில் ஐ.பி.எக்ஸ். ஓட்டுகிறவர் யாரும் இருக்க மாட்டார் என்பதால் அதை விட்டுவிடலாம்.

ஆக, கேமராவிலிருந்து வரும் ஒவ்வொரு ஃபிரேமையும் பெட்டி முழுசாக வாங்கி, 14 பைட் ஹெட்டரைப் பிரித்தெடுத்து, எட்டு பைட் சீட்டை ஒட்டி, வைஃபை ஹெட்டர் போட்டு, பூட்டி (குறியாக்கம் செய்து), சரிபார்ப்பு எண்ணை மறுபடி கணக்கிட்டு அனுப்புகிறது. எதிர்ப்பக்கப் பெட்டி அதை அப்படியே தலைகீழாகச் செய்கிறது. சரிபார்ப்புச் சூத்திரம் இரண்டிலும் ஒன்றே, 32 பிட் சி.ஆர்.சி., ஆனாலும் ஹெட்டர் மாறிவிட்டதால் பழைய எண் செல்லாது. இன்னொரு சின்ன வேலையும் உண்டு. கம்பியில் 64 பைட்டுக்குக் குறைந்த ஃபிரேம் செல்லாது, காற்றில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 28 பைட் மட்டுமே இருக்கிற ஏ.ஆர்.பி. கேள்வி கம்பிக்குத் திரும்பும்போது வெற்று பைட்டுகளை இட்டு நிரப்ப வேண்டும். இதுவரை சொன்னதை எல்லாப் பெட்டியும், ஐந்நூறு ரூபாய் டப்பாகூட, ஒழுங்காகச் செய்துவிடும்.

சிக்கல் மூன்று முகவரிகளில். வைஃபை கிளையன்ட் ஒன்று ஆக்சஸ் பாயின்டுக்கு அனுப்பும்போது மூன்று இடங்களும் இப்படி நிரம்புகின்றன: வாங்குகிற ஆக்சஸ் பாயின்ட், அனுப்புகிற கிளையன்ட், கடைசியாகப் போய்ச்சேர வேண்டிய இடம். அனுப்புகிறவரும் ஃபிரேமை உண்டாக்கியவரும் ஒருவரே என்று வடிவமைப்பிலேயே எடுத்துக்கொண்டாயிற்று. உங்கள் செல்போனுக்கு அது சரி, செல்போனுக்குப் பின்னால் வேறு எதுவும் தொங்கவில்லை. மோட்டார் ரூம் பெட்டிக்குப் பின்னால் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், அதில் நாலு கேமரா. கேமராவின் சொந்த மேக் அட்ரஸை எழுத இடமே இல்லை. எதிர்த்திசையிலும் இதே கதைதான்: வாங்குகிறவர், ஆக்சஸ் பாயின்ட், முதலில் அனுப்பியவர் என்று மூன்று, வாங்குகிறவரே கடைசி ஆள் என்று கணக்கு. கிராமத்தில் ஒருவருக்குக் கடிதம் போடும்போது 'கேர் ஆஃப் மளிகைக்கடை' என்று ஒரு வரி எழுதுவோமே, அந்த வரிக்கு இந்தக் கவரில் இடம் விடவில்லை.

அப்படியானால் பிங் எப்படி ஓடியது? அங்கேதான் பெட்டிக்காரர்களின் தந்திரம். கிளையன்ட் முறையில் இருக்கிற பெட்டி கேமராவின் மேக் அட்ரஸை அழித்துத் தன்னுடையதை எழுதி அனுப்புகிறது, எந்த ஐபி எந்தக் கேமராவுடையது என்று ஒரு பட்டியலை உள்ளே வைத்துக்கொள்கிறது. பதில் வரும்போது ஐபியைப் பார்த்து, பட்டியலைப் பார்த்து, சரியான கேமராவுக்கு மேக் அட்ரஸைத் திருத்திக் கொடுக்கிறது. ஏ.ஆர்.பி. பதில்களையும் இப்படியே திருத்துகிறது. கையால் ஐபி போட்ட கேமராவுக்கு இது போதும், பிங் ஓடும், படமும் வரும். வீட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் நாலு ஐபிக்கும் ஒரே மேக் அட்ரஸ், அது பெட்டியினுடையது.

இந்தத் தந்திரம் எங்கே உடைகிறது என்று பாருங்கள், நாங்கள் பார்த்த கோளாறு ஒவ்வொன்றும் அதிலேயே இருக்கிறது. கேமரா டி.எச்.சி.பி.யில் (ரூட்டரிடமிருந்து ஐபியைத் தானாக வாங்கும் முறை) ஐபி கேட்கிறது. வெளி ஹெட்டரில் பெட்டியின் மேக் அட்ரஸ், ஆனால் செய்திக்கு உள்ளே கேமராவின் சொந்த மேக் அட்ரஸ் தனியாக எழுதியிருக்கும். ரூட்டர் உள்ளே இருப்பதைப் பார்த்து அந்த முகவரிக்கே நேராகப் பதில் போடுகிறது. வீட்டுப் பக்க ஆக்சஸ் பாயின்டுக்கு அப்படி ஒரு ஆளைத் தெரியாது, அதனிடம் இணைந்திருப்பது பெட்டி ஒன்றுதான், ஃபிரேமைக் கீழே போட்டுவிடுகிறது. கேட்பவர் 'எல்லோருக்கும் பொதுவாகப் பதில் சொல்' என்று ஒரு கொடியை ஏற்றி அனுப்பினால் பிழைக்கும், எல்லாக் கேமராவும் ஏற்றுவதில்லை. கரண்ட் போய் வந்தால் பெட்டியின் பட்டியல் காலியாகிவிடுகிறது, ஆனால் என்.வி.ஆர். பழைய ஞாபகத்தில் பெட்டியின் மேக் அட்ரஸுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பெட்டிக்கு அது யாருக்கு என்று தெரியாது. மறுபடி யாராவது ஏ.ஆர்.பி. கேட்டுக் கேமரா பதில் சொல்லும்வரை கறுப்புத்தான். ஐபி வி6 (ஐபியின் புதிய பதிப்பு) வந்தால் இன்னும் மோசம், அங்கே ஏ.ஆர்.பி.யே கிடையாது, அண்டை வீட்டைத் தேடும் செய்திக்குள்ளேயே மேக் அட்ரஸ் இருக்கும், அதையும் தோண்டித் திருத்தும் பெட்டி அபூர்வம்.

என்.வி.ஆரின் தேடலும் இதில்தான் அடிவாங்கியது. ஆன்விஃப் (ஐபி கேமராக்களுக்கான பொதுத் தரம்) கேமராக்களைத் தேடும் செய்தி 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும்) முகவரிக்கு, 3702 போர்ட்டுக்குப் போகிறது. ஆக்சஸ் பாயின்ட் மல்டிகாஸ்ட்டைக் காற்றில் விடும்போது, கேட்கிற எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று அடிமட்ட வேகத்தில், 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் 6 மெகாபிட்டில், விடும். அதைவிட முக்கியம், 'கிடைத்தது' என்று யாரும் பதில் சொல்வதில்லை, கிடைக்காவிட்டால் திரும்ப அனுப்புவதும் இல்லை. தென்னை ஓலை காற்றில் ஆடுகிற சமயம் பார்த்து ஒரு செய்தி தொலைந்தால் தொலைந்ததுதான்.

சரி, தீர்வு. 802.11 தரத்திலேயே நாலாவது முகவரிக்கு ஒரு இடம் இருக்கிறது. ஹெட்டரில் 'வழங்கு அமைப்புக்கு', 'வழங்கு அமைப்பிலிருந்து' என்று இரண்டு ஒற்றை பிட்டுகள் உண்டு, இரண்டும் 1 ஆனால் ஹெட்டரில் ஆறு பைட் கூடும், நாலு முகவரியும் வரும்: காற்றில் அனுப்பும் பெட்டி, காற்றில் வாங்கும் பெட்டி, உண்மையில் அனுப்பிய கேமரா, உண்மையில் பெற வேண்டிய என்.வி.ஆர். யார் முகவரியையும் யாரும் அழிக்க வேண்டாம். எங்கள் பெட்டியின் மெனுவில் இது 'டபிள்யூ.டி.எஸ்.' என்ற பெயரில், வயர்லெஸ் பக்கத்தின் அடியில், 'அட்வான்ஸ்டு' என்பதற்குள் ஒளிந்திருந்தது, இரண்டு பெட்டியிலும் ஆஃப். சில மெனுக்களில் 'பிரிட்ஜ்', சிலவற்றில் '4-அட்ரஸ்', சிலவற்றில் 'டிரான்ஸ்பரன்ட்' என்றிருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஆன் செய்தால் லிங்க் இருக்கும், சரக்குப் போகாது, அதனால் தூரத்துப் பெட்டியை முதலில் மாற்றிவிட்டு, தொடர்பு அறுந்த பிறகு பக்கத்துப் பெட்டியை மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

மாற்றியவுடன் கேமராக்களை டி.எச்.சி.பி.க்குத் திருப்பினேன், நாலும் ஐபி வாங்கிக்கொண்டன, ரூட்டர் பட்டியலில் நாலு தனித்தனி மேக் அட்ரஸ். என்.வி.ஆர். தேடலில் நாலும் வந்தன, அழுத்தும்போதெல்லாம் வந்தன. தேடல் சரியானதற்குத் தனிக் காரணம் உண்டு: நாலு முகவரி ஃபிரேமில் காற்றில் வாங்குகிறவர் ஒரே ஒரு பெட்டி என்பதால், மல்டிகாஸ்ட் செய்தியையும் அந்த ஒரு பெட்டிக்கு நேரடியாக அனுப்ப முடிகிறது, லினக்ஸ் அடிப்படையிலான பெட்டிகள் அப்படித்தான் செய்கின்றன, அப்போது 'கிடைத்தது' என்ற பதிலும் வரும், வராவிட்டால் திரும்ப அனுப்பலும் நடக்கும். "அப்போ கேமராவ மாத்த வேணாமா மாப்ள?" என்று மாமா கேட்டார். வேண்டாம் மாமா.

இப்போது பெட்டியின் மேல் எனக்குள்ள முதல் குறை. இது இரண்டு இரண்டாக, ஜோடியாக, பிரிட்ஜ் என்று சொல்லியே விற்கப்படும் சாமான். ஜோடியாக விற்பதை ஏன் நாலு முகவரி ஆஃப் செய்து அனுப்புகிறார்கள்? பின்பக்கம் சின்ன சுவிட்ச் வைத்து ஒன்றை மாஸ்டர், ஒன்றை ஸ்லேவ் என்று தள்ளிவிடுகிற பெட்டிகளும் சந்தையில் உண்டு, அவற்றில் பெரும்பாலும் இந்த வேலையைத் தானே முடித்துவிடுகிறது. இணையப் பக்கம் திறந்து நோண்டத் தெரியாதவர்கள் நூறு இருநூறு கூடப் போட்டு அதை வாங்கலாம்.

இரண்டாவது விஷயம், இது இந்தப் பெட்டியின் குறை மட்டும் இல்லை. நாலு முகவரி ஃபிரேம் எப்படி இருக்க வேண்டும் என்று தரத்தில் இருக்கிறது. இரண்டு பெட்டிகள் பேசி வைத்துக்கொண்டு அந்த முறைக்கு எப்படி மாறுவது என்பதை அங்கே வரையறுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் செய்துவிட்டது. வீட்டில் ஒரு கம்பெனி, தோப்பில் இன்னொரு கம்பெனி என்று வாங்கினால் சாதாரண கிளையன்டாக நன்றாகவே இணையும், டபிள்யூ.டி.எஸ். போட்டால் பல நேரம் இணையாது, இணைந்தாலும் எதுவும் போகாது. 'ரெண்டும் வைஃபைதானே' என்ற வாதம் இங்கே எடுபடாது. மைக்ரோட்டிக் கம்பெனியின் ரூட்டர்ஓஎஸ் மென்பொருள் இந்த விஷயத்தில் நாணயமானது, மெனுவிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள்: சூடோபிரிட்ஜ் என்று ஒன்று, அதுதான் மேலே சொன்ன தந்திரம், ஸ்டேஷன்-பிரிட்ஜ் என்று ஒன்று, அது இருபுறமும் மைக்ரோட்டிக் இருந்தால்தான் நடக்கும், ஸ்டேஷன்-டபிள்யூ.டி.எஸ். என்று இன்னொன்று. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளைப் பெட்டியில் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இருபுறமும் அதையே ஏற்றி டபிள்யூ.டி.எஸ். போடுவது நல்ல வழி, எதிர்ப்பக்கத்தைத் தொட முடியாத இடத்தில் மட்டும் ரிலேடி போன்ற மாற்று வழிக்குப் போகலாம். மெஷ் கருவிகளில் (வீடு முழுக்க வைஃபை பரப்பும் பல பெட்டிகள்) 2018இல் வந்த ஈஸிமெஷ் தரம் இதே நாலு முகவரி ஃபிரேமை முறையாகப் பயன்படுத்துகிறது, ஆனால் அது வீட்டுக்குள் வைக்கிற சாமான்களுக்கானது, தோப்புப் பெட்டிகளில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காக்களில் வேலை பார்க்கிற தம்பிகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு: லேப்டாப்பில் வெர்ச்சுவல் மெஷின் ஓட்டி அதை வைஃபை வழியாக பிரிட்ஜ் செய்ய முயன்று மண்டை காய்ந்திருப்பீர்களே, காரணம் இதே மூன்று முகவரிதான். லினக்ஸில் சாதாரண கிளையன்ட் வைஃபை கார்டைப் பிரிட்ஜில் சேர்க்கச் சொன்னால் கெர்னலே மறுத்துவிடும். வெர்ச்சுவல்பாக்ஸ் நம் பெட்டி செய்கிற அதே மேக் மாற்றுத் தந்திரத்தைச் செய்து சமாளிக்கிறது.

வேகம் பற்றிக் கேட்பீர்கள். 300 என்று போட்டிருப்பது காற்றில் பிட் ஓடுகிற வேகம், கீழே போர்ட் 100 மெகாபிட், ஆகவே அதற்கு மேல் எதிர்பார்ப்பதே வீண். 1500 பைட் சரக்கை நாலு முகவரி, பூட்டு எல்லாம் சேர்த்துக் கட்டினால் ஏறக்குறைய 1560 பைட் ஆகிறது, 300 மெகாபிட்டில் அதை அனுப்ப 42 மைக்ரோசெகண்ட் போதும். ஆனால் அனுப்பும் முன் காற்று காலியாக இருக்கிறதா என்று 34 மைக்ரோசெகண்ட் காத்திருக்க வேண்டும், அப்புறம் குலுக்கல் முறையில் சராசரி இன்னொரு 67 மைக்ரோசெகண்ட், அனுப்பிய பிறகு பதிலுக்கு வேறு. சரக்கை ஏற்றுவதைவிட வரிசையில் நிற்கிற நேரம் அதிகம். அதனால்தான் 2009இல் வந்த 802.11என் பல ஃபிரேம்களை ஒரே கட்டாகக் கட்டி அனுப்புகிறது, ஒரு கட்டில் அதிகபட்சம் 64 ஃபிரேம் வரை. இந்தப் பெட்டியில் அந்த வசதி ஒழுங்காக வேலை செய்கிறது, பெரிய கோப்பை நகல் எடுத்தால் கம்பிப் போர்ட்டின் எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. கேமராவுக்கு நாலு மெகாபிட் என்று வைத்திருக்கிறேன், நாலுக்கும் பதினாறு, அது இதற்கு ஒரு சுமையே இல்லை.

வி-லேன் (ஒரே கம்பியில் தனித்தனி நெட்வொர்க்குகளைக் குறியிட்டுப் பிரித்து ஓட்டும் முறை) போடுகிறவர்கள் ஒன்றைச் சோதித்துவிட்டு வாங்குங்கள். குறியிட்ட ஃபிரேமில் நாலு பைட் கூடும், கம்பியில் மொத்த ஃபிரேம் அதிகபட்சம் 1518 பைட் என்பது 1522 ஆகும். காற்றில் 2304 பைட் வரை இடம் இருப்பதால் அங்கே நெருக்கடி இல்லை, குறியும் அந்த எட்டு பைட் சீட்டில் வகை எண் 8100 என்று ஏறிப் போய்விடலாம். ஆனால் மலிவுப் பெட்டிகளில் கம்பிப் போர்ட்டின் சிப் 1518க்கு மேல் வந்ததைக் கீழே போடுகிற வழக்கம் சிலவற்றில் உண்டு. இந்தப் பெட்டி போடவில்லை. கேமராவுக்கு ஒரு வி-லேன், மோட்டார் ரூமில் மாமா செல்போனில் பாட்டுக் கேட்க ஒரு வி-லேன், இரண்டும் குறியோடு முழுசாகப் போய்ச்சேர்ந்தன. பெரிய பிங் அனுப்பிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. 24 வோல்ட் பாசிவ் பி.ஓ.ஈ. என்பது 48 வோல்ட் பி.ஓ.ஈ. சுவிட்சோடு சேராது, பெட்டியோடு வரும் அடாப்டரிலேயே விடுங்கள், கேமரா சுவிட்சில் நேராகச் செருகாதீர்கள். எர்த் போட்ட ஷீல்டு கேபிளும் ஒரு சர்ஜ் தடுப்பும் ஐப்பசி இடிக்கு அவசியம், கடையில் கேட்காமல் தர மாட்டார்கள். பாஸ்வேர்டு கடையிலிருந்து வரும்போது எல்லாப் பெட்டிக்கும் ஒன்றே, மாற்றுங்கள், டபிள்யூ.பி.ஏ.2 பூட்டை ஆன் செய்யுங்கள், டபிள்யூ.டி.எஸ். முறையிலும் அது வேலை செய்கிறது. பழைய காலப் பெட்டிகளில் டபிள்யூ.டி.எஸ். என்றால் பலவீனமான பழைய வெப் (WEP) பூட்டு மட்டும்தான் என்று ஒரு பயம் இருந்தது, இப்போது அது தேவையில்லை.

உயரம் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்று கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நானூறு மீட்டருக்கு, 5.5 கிகாஹெர்ட்ஸில், பாதையின் நடுவில் நேர்க்கோட்டைச் சுற்றி சுமார் 2.3 மீட்டர் ஆரத்துக்கு இடம் பெரும்பாலும் காலியாக இருக்க வேண்டும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான், ஆனால் வெற்றிலைக் கொடி ஏறுவதற்கு நடுகிற அகத்தி மரம் மழைக்காலத்தில் மளமளவென்று வளர்ந்து சரியாக இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. ஈர இலை 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகக் குடிக்கும். மோட்டார் ரூம் மேல் இரும்புக் குழாய் நட்டு உயர்த்தியதில் அது சரியானது. குழாய் மேல் மயில் வந்து உட்கார்ந்து பெட்டியைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறது, ஆன்டெனாவின் வீச்சு அகலம் என்பதால் சிக்னலில் பெரிய மாற்றம் இல்லை. கிளாம்ப்பை மட்டும் பிளாஸ்டிக்கிலிருந்து இரும்புக்கு மாற்றினோம்.

கடையைப் பற்றி: விலை நியாயம், பில் கொடுத்தார்கள், அடாப்டர் ஒன்று வேலை செய்யாமல் போனபோது பேசாமல் மாற்றியும் கொடுத்தார்கள். தொழில்நுட்ப விஷயம் கேட்டால் மட்டும் 'எல்லாமே ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பதில். மாட்டுகிற கூலியைத் தனியாக வாங்கிக்கொண்டு, பிங் ஓடுகிறது என்று காட்டிவிட்டுப் போவது சரியான வேலை இல்லை.

வாங்கப் போகிறவர்கள் மாட்டுகிறவர் கிளம்புவதற்கு முன் அவர் கண்ணெதிரிலேயே ரூட்டரின் டி.எச்.சி.பி. பட்டியலைத் திறந்து பாருங்கள். தோப்புப் பக்கம் எத்தனை கேமரா இருக்கிறதோ அத்தனை மேக் அட்ரஸும், கேமரா அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பது போலவே அங்கே வர வேண்டும். வராவிட்டால் டபிள்யூ.டி.எஸ். போடச் சொல்லுங்கள், அது என்னவென்று அவர் திருப்பிக் கேட்டால் பாதிக் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.